வடத்தைத் தொட்டவனெல்லாம் தேர் இழுத்தவனா?

ஏங்கண்ணு, காதுல சொருகியிருக்கறதைச் சித்த கழட்டி வெய்யி. அப்பாருகூட நாலு வார்த்தை பேசுனா உன்ற நெட்டு ஒண்ணுந் தீந்துபோவாது.

உங்க காலேஜுல புதுசா ஒரு பாடம் வந்திருக்குதாமா. அஞ்சு நாட்டுப் புள்ளைக சேந்து ஒரு குழு. நீ கோயமுத்தூரு. ஒருத்தன் போலந்து. ஒருத்தி மெக்சிகோ. ஒருத்தன் கானா. இன்னொருத்தி அமெரிக்காவுல வட கரோலினா. ஆரும் ஆரையும் நேர்ல பாக்காமயே எட்டு வாரத்துல ஒரு கம்பெனிக்கு யாவாரத் திட்டம் எழுதிக் குடுக்கோணும். நல்ல பாடந்தேன் சாமி. நான் ஒண்ணும் வேண்டாங்கலை.

ஆனா அதுக்கு நீ பண்ற அலப்பறை இருக்குதே! மேசை மேல வட்டமா ஒரு வெளக்கு. மேலுக்குக் கோட்டு, கீழுக்கு லுங்கி. பொடக்காலில துணி காயறது தெரியக்கூடாதுன்னு முதுகுக்குப் பின்னால கடற்கரைப் படம். அவிநாசிக்குப் பக்கத்துல ஏது கண்ணு கடலு? உங்கம்மா கொடியில துணி போட்டிருக்கறதைப் பாத்தா போலந்துக்காரன் எந்திரிச்சு ஓடிப்போவானா? அவனூட்ல துணி தொவைக்க மாட்டாங்களா?

இந்தக் குழுப் பாடம் என்னமோ நேத்து மொளைச்ச வித்தைன்னு நெனைச்சுக்காதே. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-லயே இதுக்குன்னு தனியா ஒரு மையம் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு நாட்டு வாத்தியாருங்க கூடிப் பேசி, ரெண்டு பக்கத்துப் புள்ளைகளையும் ஒரே வேலையில பூட்டி உடறது. வட கரோலினாவுல கிரீன்ஸ்பரோங்கற ஊர்ல வாஸ் டாராஸ்னு ஒரு பேராசிரியர், 2010-ல ‘எக்ஸ்-கல்ச்சர்’னு ஒண்ணு தொடங்குனாரு. பல நாட்டுப் புள்ளைகளைக் கலந்து குழு பிரிச்சு, நெசமான கம்பெனியோட நெசமான சிக்கலைக் கையில குடுத்துருவாரு. கூட வேலை செய்யறவங்களே ஒருத்தருக்கொருத்தர் மார்க்குப் போடோணும். அதுலதேன் சூட்சுமமே இருக்குது. வாத்தியாரு கண்ணுல மண்ணைத் தூவலாம். கூட்டாளி கண்ணுல தூவ முடியுமா?

அதுக்கும் முந்தி நம்ம திருப்பூரு இருக்குதே, அதை ஏன் மறந்தே? எழுபதுகளோட கடைசிலயே இத்தாலிக்காரங்க பனியன் தேடி வந்துட்டாங்க. அப்ப உன்ற லேப்டாப்பு ஏது? டெலக்ஸு, அப்பறம் பேக்ஸு, கூரியரு, அவ்வளவுதேன். சரக்கு வாங்கற பையர் மொகத்தைப் பாக்காமயே காலத்தை ஓட்டுன கட்டிங் மாஸ்டரு எத்தனையோ பேரு. அவங்க ஆரும் ‘பன்னாட்டு மெய்நிகர் குழு உறுப்பினர்’னு கார்டு அடிச்சு வெச்சுக்கலை. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறோம்னாங்க. சரக்கு மட்டும் கெடு தேதிக்குக் கப்பல் ஏறுச்சு.

எப்பிடி ஏறுச்சு? நீலத் துணி வேணும்னு பேக்ஸ்ல வந்தா உடனே எவனும் சாயத் தொட்டியில துணியைப் போட மாட்டான். உன்ற நீலம் வேற, என்ற நீலம் வேற. மொதல்ல ஒரு சின்னத் துண்டுல சாயம் ஏத்துவாங்க. லேப் டிப்புன்னு பேரு. கொஞ்சம் எச்சாவும் கொஞ்சம் கம்மியாவும் ஏ, பி, சின்னு மூணு துண்டு கூரியர்ல போவும். டியூப் லைட்டுல ஒரு கலரு, வெயில்ல ஒரு கலருன்னு துணி ஏமாத்தும். அதுங்காட்டி பையர் அதை லைட் பாக்ஸுல வெச்சுப் பாத்து, ‘பி சரி’ம்பான். அதுக்கப்பறந்தேன் டன் கணக்குல சாயம். தைச்ச சட்டைக்கும் அதே கதைதேன். ஒத்துக்கிட்ட சாம்பிளுக்குச் சீல் வெச்சு அவங்கிட்ட ஒண்ணு, நம்மகிட்ட ஒண்ணு இருக்கும். நாளைக்கு ஒரு தகராறுன்னா, வாயை மூடிக்கிட்டு அதை எடுத்து மேசையில வெய்யி. தீந்துச்சு.

இப்ப உன்ற குழுவுக்கு வருவோம். மொதக் கூட்டத்துல அஞ்சு பேரும் என்ன சொன்னீங்க? ‘நல்ல ரிப்போர்ட்டா பண்ணிரலாம்’னீங்க. எது நல்லது? எத்தனை பக்கம்? படிக்கப்போறது ஆரு? கணக்கு வேணுமா, கதை வேணுமா? ஒருத்தரும் கேக்கலை. எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காமிச்சுட்டுக் கலைஞ்சீங்க. அஞ்சாவது வாரம் பாத்தா, கானாப் பையன் நாப்பது பக்கம் எழுதியிருக்கான், நீ படம் போட்டு ஆறு சிலைடு வெச்சிருக்கே. அப்பறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க. மொத வாரத்துலயே ஆளுக்கு ஒரே ஒரு பக்கம் மாதிரிக்கு எழுதி எல்லாருக்கும் காமிச்சிருந்தா இந்த வம்பு வருமா?

வெவரந் தெரிஞ்சவங்க கெட்ட கதையே இருக்குது, கேளு. ஏர்பஸ்காரங்க ஏ380-ன்னு ரெண்டு மாடி ஏரோப்பிளேன் கட்டுனாங்க. ஒடம்புல பாதி ஜெர்மனில ஹாம்பர்க்ல, கோத்துச் சேக்கறது பிரான்சுல துலூஸ்ல. ஒரு பிளேனுக்குள்ள ஓடற கம்பி மட்டும் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல. படம் வரையற சாப்ட்வேரு பேரு ரெண்டு பக்கமும் ‘கேட்டியா’தேன். ஆனா ஒரு பக்கம் பழைய பதிப்பு, ஒரு பக்கம் புதுசு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒழுங்காப் பேசிக்கலை. கடைசில கம்பியைக் கொண்டுபோயி மாட்டப் பாத்தா, நீளம் பத்தலை! 2006-ல சங்கதி சந்திக்கு வந்துச்சு. பிளேனு கைக்கு வர ரெண்டு வருசம் போலத் தள்ளிப்போச்சு. அவங்கெல்லாம் படிக்காதவங்களா? இல்லீங்கறேன். இந்தப் பக்கத்து ஆளு அந்தப் பக்கத்து ஆளைப் பாத்து, ‘நீ எந்தப் பதிப்புல வரையறே?’ன்னு கேக்க மறந்தா, படிப்பு என்ன பண்ணும்?

உன்ற லேப்டாப்ப நேத்துத் தொறந்து பாத்தேன். ‘பைனல்’னு ஒரு பைலு. ‘பைனல் 2’ன்னு ஒண்ணு. ‘நெசமான பைனல்’னு ஒண்ணு. ‘இதுதான் பைனல் தொடாதே’ன்னு இன்னொண்ணு. எதைக் கண்ணு அனுப்பப் போறே? ஒரே எடத்துல ஒரே பைலு. எல்லாரும் அதுலதேன் எழுதோணும். இதைச் சொல்லித்தரக் கூகுள்காரன் வரோணுமா, அப்பாரு பத்தாதா?

அடுத்தாப்புல மணி. இது பெரிய கூத்து. குளிர் காலத்துல உனக்கு ராத்திரி எட்டுன்னா, போலந்துல மத்தியானம் மூணரை, கானாவுல ரெண்டரை, வட கரோலினாவுல வெடியால ஒம்பதரை, மெக்சிகோ நகரத்துல எட்டரை. நெம்பச் சந்தோசமா எழுதி வெச்சுக்கிட்டே. மார்ச்சு மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம அமெரிக்காக்காரங்க கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சுருவாங்க. அந்தப் புள்ள எப்பவும் போல அவ ஒம்பதரைக்கு வந்து உக்காந்திருப்பா. உனக்கு அப்ப ராத்திரி ஏழு. நீ எட்டு மணிக்குத் தலைவாரிக்கிட்டு வந்து, ‘அவளைக் காணமே, பொறுப்பே இல்லை’ன்னு பொலம்புவே. போலந்துக்காரங்க மார்ச்சு கடைசி ஞாயித்துக்கெழமதேன் மாத்துவாங்க. மெக்சிகோவுல 2022-லயே முக்காவாசி ஊர்ல இந்த வழக்கத்தைத் தலை முழுகிட்டாங்க. கானாவும் நம்மளும் வருசம் பூரா அசையறதில்லை. பொறுப்பில்லாதது ஆரு இப்ப? பஞ்சாங்கம் பாக்காம நல்ல காரியத்துக்கு நாளு குறிப்பமா? மணியோட ஊரையும் சேத்து எழுது.

தேதிக்கும் இதேதேன். 03/04-ன்னு எழுதுனா உனக்கு ஏப்ரல் மூணு, அமெரிக்காக்காரிக்கு மார்ச்சு நாலு. ஒரு மாசம் அப்பிடியே முழுங்கிரும். மாசத்துப் பேரை எழுத்துல எழுதுனா கை வலிக்குமா?

அப்பறம் எப்பப் பாத்தாலும் நீ மட்டும் ராத்திரியில முழிச்சுக்கிட்டுக் கொட்டாவி உடறதும் ஞாயமில்லை. அதைப் பெருமையா வேற ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே. ஒரு வாரம் நீ முழி, ஒரு வாரம் அவங்க முழிக்கட்டும். கூட்டுன்னா செரமத்துலயும் பங்கு வேணுமல்ல?

உன்ற அறிமுகத்தைப் படிச்சேன். ‘துடிப்பான தலைமைப் பண்பும் புத்தாக்கச் சிந்தனையும் கொண்ட மாற்றத்தின் முன்னோடி’ன்னு எழுதியிருக்கே. ஆரு அது? நம்மூட்லயா இருக்காரு? சொன்னா நானும் ஒரு கும்புடு போட்டுக்குவேன்.

இதே தமிழ்நாட்ல இருந்து 1913 சனவரியில ஒருத்தரு மொகந் தெரியாத வெள்ளைக்காரருக்கு ஒரு கடுதாசி போட்டாரு. கும்மோணத்துல வளந்தவரு. பேரு ராமானுஜன். அங்கெ கேம்பிரிட்ஜுல ஹார்டி. கடுதாசில என்ன எழுதுனாரு? மெட்ராஸ் துறைமுகக் கணக்காபீசுல கிளார்க்கு, சம்பளம் வருசத்துக்கு இருவது பவுனு, காலேஜு முடிக்கலை, கணக்குல இன்னது இன்னது கண்டுபுடிச்சிருக்கேன், பாருங்கன்னு எழுதுனாரு. கூடவே கணக்கை வெச்சு அனுப்புனாரு. அம்புட்டுதேன். அடுத்த வருசம் கப்பல் ஏறிப் போயி ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலையை ஒலகம் இன்னமும் படிச்சுக்கிட்டு இருக்குது. நான் ஆரு, எனக்கு என்ன தெரியும், இதா நான் செஞ்ச வேலை. இந்த மூணுக்கு மேல அறிமுகத்துல எழுத என்ன இருக்குது? துடிப்பை எதுக்கோசரம் எழுதறே? அது வேலையில தெரியட்டும்.

ஒரு புஸ்தகத்தைப் படிச்சுப்போட்டு நீ ஆளுகளை எடை போடறதும் தெரியும். கீர்ட் ஹோஃப்ஸ்டீடுன்னு நெதர்லாந்துல ஒரு அறிஞர். ஐபிஎம் கம்பெனில பல நாட்ல வேலை செஞ்ச ஆளுககிட்டக் கேள்வி கேட்டு வாங்குன பதிலை வெச்சு, எந்த நாட்டுக்காரங்க மேலதிகாரிக்கு எம்புட்டுப் பணிவாங்க, தனியாப் போவாங்களா, கூட்டமாப் போவாங்களான்னு 1980-ல பெரிய புஸ்தகமா எழுதுனாரு. பெரிய வேலைதேன். ஆனா நாட்டுக் கணக்கைத் தனி ஆளு மேல ஏத்தாதீங்கன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்தப் பக்கத்தை மட்டும் நீ படிக்கலை. போலந்துக்காரன் ரெண்டு கூட்டத்துல வாயே தொறக்கலைன்னதும், ‘மௌனத்தின் கலாச்சாரப் பின்னணி’ன்னு நாலு பக்கம் எழுதி வாத்தியாருக்கு அனுப்பிப்போட்டே. கடைசில என்னன்னு பாத்தா, அவனுக்குப் பல்லு வலி! ‘ஏப்பா, ஒடம்புக்குச் சொகமில்லையா?’ன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு எந்த நாட்டு ஆராய்ச்சி வேணும்?

இங்கிலீசும் அப்பிடித்தேன். நீ கான்வெண்டுல படிச்சே, கடகடன்னு பேசிருவே. மெக்சிகோப் புள்ளைக்கு வாயில வரச் சித்த நேரமாவுது. அதுக்குள்ள நீ அடுத்த சங்கதிக்குத் தாவிர்றே. கம்மியாப் பேசறவங்களுக்குக் கம்மியாத் தெரியும்னு ஆரு சொன்னா? கூட்டத்துக்கு மொத நாளே கேள்வியை எழுதி அனுப்பிப் பாரு. அந்தப் புள்ள எழுதி வர்ற பதில்ல நீ வாயடைச்சுப் போவே.

இப்ப இன்னொரு கூத்தும் வந்திருக்குது. உன்ற கடுதாசியை மெசின் எழுதுது. அங்கெ உன்ற கூட்டாளிக்கு அதைச் சுருக்கிப் படிச்சுச் சொல்றதும் மெசினு. ரெண்டு மெசினும் நெம்ப ஒத்துமையா இருக்குது. நீங்க அஞ்சு பேருந்தேன் பேச்சு வார்த்தை இல்லாம இருக்கீங்க.

வீடியோவுல மணிக்கணக்கா உக்காந்துபோட்டு, தலை வலிக்குதுங்கறே. வலிக்காம? ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜெரமி பெய்லன்சன் 2021-ல இதுக்குக் காரணம் சொன்னாரு. இத்தனை மொகம் இம்புட்டுக் கிட்டத்துல உத்துப் பாக்குது. பேசறப்பப் பூரா உன்ற மூஞ்சியே உனக்குத் தெரியுது. எந்திரிச்சு நடக்க வழியில்லை. தலையாட்டறதைக்கூட எச்சாக் காமிக்க வேண்டியிருக்குது. ஆராச்சும் நாள் பூராக் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே யாவாரம் பேசுவாங்களா? எழுதுனா தீர்ற சங்கதிக்கு எழுது. பேசியே ஆவோணும்னா மட்டும் பேசு.

சரி, நெசமான வில்லங்கத்துக்கு வர்றேன். அஞ்சு பேர்ல வேலை செய்யறது எத்தனை பேரு? மூஞ்சியைத் திருப்பாதே, சொல்லு.

அவிநாசித் தேர் நோம்பில வடம் புடிக்கறதைப் பாத்திருக்கியல்ல? பல்லைக் கடிச்சு இழுக்கறவனும் இருப்பான். வடத்து மேல கையை வெச்சுக்கிட்டு, போட்டோவுக்கு மூஞ்சியக் காமிச்சுக்கிட்டு, தேரு இழுக்கற பக்கம் சும்மா நடந்து வர்றவனும் இருப்பான். நெலைக்குத் தேரு வந்ததும் நெத்தி வேர்வையைத் தொடைக்கறதுல அவந்தேன் மொத ஆளு. பிரான்சுல மாக்ஸ் ரிங்கெல்மான்னு ஒரு வெவசாயப் பொறியாளரு இதை அளந்தே பாத்துட்டாரு. ஆளுகளைத் தனித்தனியாக் கயிறு இழுக்க உட்டாரு, அப்பறம் கூட்டமா இழுக்க உட்டாரு. 1913-ல எழுதி வெச்சாரு. எட்டுப் பேரு சேந்து இழுத்தா எட்டாளு பலம் வரலை. நாலாளு பலந்தேன் வந்துச்சு. மீதி நாலாளு எங்கெ போச்சு? 1979-ல அமெரிக்காவுல லட்டானேவும் கூட ரெண்டு பேரும் ஆளுகளைக் கைதட்டச் சொல்லி, கத்தச் சொல்லிப் பாத்தாங்க. கூட்டத்துல இருக்கோம்னு நெனைச்சாலே போதும், தொண்டை தானாச் சுருங்கிக்குது. ஆனா, ‘உன்ற சத்தத்தைத் தனியா அளக்கறோம்’னு சொல்லிப்போட்டா அப்பறம் சுருங்கறதில்லைன்னு பின்னால பாத்தாங்க.

மருந்து அங்கெயே இருக்குது பாரு. ஒவ்வொரு துண்டு வேலைக்கும் ஒரு பேரு. பேருக்கு நேரா ஒரு தேதி. ‘நாம எல்லாரும் பாத்துக்கலாம்’னு எழுதுனா, ஒருத்தரும் பாக்கலைன்னு அர்த்தம். பேரு போட்டா ஒளிய முடியாது. உனக்குஞ் சேத்துத்தேன் சொல்றேன். அஞ்சு பேருக்கும் நடுவுல உக்காந்து, ‘ஒருங்கிணைக்கறேன்’, ‘ஒருங்கிணைக்கறேன்’ங்கறியே, அது கயிறு இழுக்கறதா, போட்டோவுக்கு நிக்கறதா?

நம்பிக்கைன்னு வேற ஒரு நாள் பூரா வகுப்பு எடுத்தாங்களாமா? பலூனை ஒடைச்சு வெளையாடுனீங்களாமா? ஆடுனது போதும். சிர்க்கா யார்வென்பாங்கற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஈமெயில் காலத்துலயே உங்களாட்டப் பல நாட்டு மாணவர் குழுவா 75 குழுவை எட்டு வாரம் கவனிச்சு 1998-ல எழுதுனாங்க. அடுத்த வருசம் டாரத்தி லைட்னரோட சேந்து இன்னொண்ணு. மொத வாரத்துல குசலம் விசாரிச்சுக் கலகலப்பாப் பழகுனா நம்பிக்கை சீக்கிரம் வருது. அது மெய்தேன். ஆனா அது நெலைச்சு நிக்கறதுக்கு வேற ஒண்ணு வேணும். சொன்ன நேரத்துக்கு உருப்படியாப் பதில் வரோணும். ரெண்டு நாளு வரமுடியாதுன்னா மொதல்லயே சொல்லிப்போட்டுப் போவோணும். பக்கத்தூர்ல இருக்கறவன் சத்தமில்லாம இருந்தா போயிக் கதவைத் தட்டலாம். கானாக்காரன் கதவை எப்பிடித் தட்டுவே? அங்கெ கரண்டு போயிருக்கலாம், காச்சலா இருக்கலாம். உனக்கு என்ன தோணும்? திமிருன்னு தோணும். அவனுக்கும் உன்னைப் பத்தி அப்பிடியேதேன் தோணும். பொங்கலுக்கு நாலு நாளு காணாமப் போனியே, சொல்லிப்போட்டா போனே? அவனுக்குத் தெரியுமா மாட்டுப் பொங்கலு?

சரி, எந்திரி. பொழுது சாஞ்சிருச்சு, அமெரிக்காக்காரியும் மெக்சிகோப் புள்ளையும் இப்பத்தேன் வேலைக்கு உக்காருவாங்க. ‘என்ற பங்கு இன்னது, புதங்கெழமை இந்திய நேரம் ராத்திரி எட்டுக்குள்ள அனுப்பறேன்’னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. எழுதிப்போட்டுச் செவ்வாக்கெழமையே அனுப்பிப்போடு. போலந்துக்காரனுக்குப் பல்லு எப்பிடி இருக்குதுன்னும் கேட்டுரு. எட்டு வாரம் முடிஞ்சதும் காலேஜுல சர்டிபிகேட்டுக் குடுப்பாங்க, வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டிக்க, ஆரு வேண்டாங்கறா? ஆனா திருப்பூர்ல எந்தப் பையரும் நம்மாளுகளுக்குச் சர்டிபிகேட்டுக் குடுத்ததில்லை கண்ணு. வேலை புடிச்சிருந்தா ரிப்பீட் ஆர்டர் போட்டான். அந்த நாலு பேர்ல ஒருத்தராச்சும் அடுத்த வேலைக்கு உன்னைத் தேடிக் கூப்புட்டா, அப்ப வந்து சொல்லு. நானே காப்பி போட்டுத் தர்றேன்.